முதலில் எடை எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள்

கேள்வி: அச்சகம் நடத்துகிறேன். இத்தனை வருடமாக வாடகை இடம்தான். இப்போது 30 வருடப் பழைய வணிகக் கட்டடம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி, மொட்டை மாடியில் பின்னாளில் போட்ட ஷீட் கூரை, பின்பக்கம் ஒட்டிக் கட்டிய ஒரு பகுதி. இயந்திரங்களைக் கீழேயும் காகித இருப்பை முதல் மாடியிலும் வைக்க எண்ணம். "முழுக்கக் கான்கிரீட் கட்டடம், 30 வருடமாக ஒன்றும் ஆகவில்லை" என்கிறார் உரிமையாளர். புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆனால் மாடிப்படி ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. கழிப்பறைக்குக் கீழே உள்ள கூரையில் உப்புப் பூத்து, பழுப்புக் கோடுகள் தெரிகின்றன. பின்பக்கத் தூண் ஒன்றின் அடியில் மட்டும் புதுப் பூச்சு. சுத்தியல் சோதனையில் கான்கிரீட் நன்றாக இருப்பதாக ஒரு அறிக்கையும் காட்டுகிறார்கள். இது எந்த வகைக் கட்டடம், என்ன நிலையில் இருக்கிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? எந்தக் குறைக்குப் பயப்பட வேண்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

விரிசலைப் பற்றி நிறைய கவலைப்பட்டிருக்கிறீர்கள். காகிதத்தை முதல் மாடியில் வைப்பதைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் தூக்கிவாரிப் போட்ட இடம் அதுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காகிதம் கைக்கு லேசாக இருக்கும், கட்டாக அடுக்கினால் கல்லுக்கு ஈடாகக் கனக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு நெருக்கி அடுக்கினால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் முக்கால் டன்னிலிருந்து ஒரு டன் வரை எடை நிற்கும். வழவழப்பான ஆர்ட் காகிதமாக இருந்தால் அதற்கும் மேலே போகும். அலுவலகம் என்று கணக்குப் போட்டு வடிவமைத்த தளம், பொதுவாகச் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ வரைதான் தாங்க வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. நீங்கள் மார்பளவு உயரத்துக்கு அடுக்கினாலே அந்தக் கணக்கு இரண்டு மூன்று மடங்கு மீறிப்போகும். தளம் அன்றே விழுந்துவிடாது. வடிவமைப்பில் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதல் பலம் வைத்திருப்பார்கள். அந்தக் கூடுதலைத்தான் நீங்கள் தின்னத் தொடங்குவீர்கள். ஸ்லாப், அதாவது மாடியின் தட்டையான கான்கிரீட் தளம், மெதுவாகத் தொய்யும், அதைத் தாங்கும் பீமில் மயிரிழை விரிசல்கள் விடும், அதன் வழியே ஈரம் இறங்கும். அப்புறம் ஒருநாள் வேறு ஏதோ சின்னக் காரணம் போதும்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சவாரில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று திட்டமிட்ட கட்டடம் அது. அனுமதி இல்லாமல் மேலே மாடிகள் எழுப்பி, தையல் தொழிற்சாலைகளை ஏற்றி, கனமான ஜெனரேட்டர்களையும் மேல்தளங்களில் வைத்திருந்தார்கள். முந்தைய நாளே தூண்களில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கிக்கிளை தன் ஊழியர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. தையல் தொழிலாளர்கள் மறுநாள் காலையில் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். மின்சாரம் நின்று ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் கட்டடம் சரிந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு கட்டடம் நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்க முடியாது, எதற்கு நல்லது என்றுதான் கேட்க முடியும். அலுவலகத்துக்கு இன்னும் 30 வருடம் உழைக்கக்கூடிய கட்டடமே அச்சகத்துக்கு ஆபத்தாக இருக்கலாம்.

சரி, வகைக்கு வருவோம். "முழுக்கக் கான்கிரீட் கட்டடம்" என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். உரிமையாளர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. மேலே கான்கிரீட் தளம் போட்ட எல்லாவற்றையும் கான்கிரீட் கட்டடம் என்று சொல்வது பலருக்கும் பழக்கம். அந்தத் தளம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வகை இருக்கிறது. செங்கல் சுவர்கள் நேரடியாகத் தளத்தைத் தாங்கினால் அது சுமைதாங்கும் சுவர்க் கட்டடம். பீமும் தூணும் எடையை வாங்கி அஸ்திவாரத்துக்குக் கொண்டுபோனால் அது சட்டகக் கட்டடம். அதில் சுவர் வெறும் மறைப்பு. முதல் வகையில் ஒரு சுவரை எடுத்தால் மாடியே இறங்கும். இரண்டாவது வகையில் சுவரை எடுக்கலாம், ஆனால் பீமில் ஒரு பெரிய ஓட்டை போட்டாலும் வினை.

இதைக் கண்டுபிடிக்க நீங்களே ஒரு மதியம் செலவழிக்கலாம். தரைத்தளத்தில் நின்று தலையை உயர்த்திப் பாருங்கள். எடை மேலிருந்து மண்ணுக்கு எந்த வழியாக இறங்குகிறது என்று ஒவ்வொரு அறையிலும் கேளுங்கள். ஸ்லாபுக்குக் கீழே பீம்கள் துருத்திக்கொண்டு, ஒழுங்கான இடைவெளியில் தூண்களுக்குப் போகின்றனவா? ஜன்னல் ஓரத்தில் சுவரின் தடிமனை அளந்து பாருங்கள். எல்லாச் சுவரும் ஒன்பது அங்குலமோ அதற்கு மேலோ இருந்து, ஒவ்வொரு மாடியிலும் ஒன்றின் மேல் ஒன்றாக நேராக நின்றால் சுவர்தான் சுமக்கிறது என்று சந்தேகப்படலாம். மேல்மாடியில் ஒரு கனத்த சுவர் நிற்கிறது, அதன் நேர் கீழே சுவரும் இல்லை பீமும் இல்லை என்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கேள்வி கேட்கவேண்டிய இடம்.

பெயிண்ட் போகாத இடங்கள்தான் உண்மை சொல்லும். மீட்டர் அறை, லிஃப்ட் இருந்தால் அதன் இயந்திர அறை, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே உள்ள இருட்டு மூலை, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. அங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். பூசாத கான்கிரீட்டும் பூசாத செங்கலும் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

ஃபால்ஸ் சீலிங் என்றதும் ஒரு அனுபவம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு அலுவலகக் கட்டடத்தைச் சோதிக்கப் போயிருந்தேன். பளபளவென்று இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏணி போட்டு சீலிங்கின் ஒரு பலகையை மட்டும் நகர்த்திப் பார்த்தேன். ஏசி குழாய் போவதற்காக யாரோ ஒரு குத்தகைதாரர் பீமின் அடிப்பகுதியை இரண்டு கை அகலத்துக்கு வெட்டியிருந்தார். அடிக்கம்பிகள்தான் அந்த பீமின் உயிர், அவற்றில் இரண்டு அறுபட்டுத் தொங்கின. அதற்கு நேர் மேலே ஆவணங்கள் நிறைந்த இரும்பு அலமாரிகள். அந்த வெட்டு எத்தனை வருடமாக அங்கே இருந்ததென்று உரிமையாளருக்கே தெரியாது. அன்று மாலையே அந்த அறையைக் காலி செய்து, கீழே முட்டுக் கொடுக்கச் சொன்னேன். அன்றிலிருந்து சீலிங்கைத் திறக்காமல் நான் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதில்லை. பல கைகள் மாறிய வணிகக் கட்டடத்தில், கட்டியவர் செய்த தவறைவிடக் குடியிருந்தவர்கள் செய்த மாற்றங்கள்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கின்றன. இடித்த சுவர், மாடிக்குப் படி வைக்க அறுத்த ஸ்லாப், வாசல் பெரிதாக வேண்டும் என்று கழற்றிய இரும்புக் குறுக்குச் சட்டம் என்று பலவிதம்.

பீமே இல்லாமல், தட்டையான ஸ்லாப் நேராகத் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும் கட்டடங்களும் உண்டு. அப்படி இருந்தால் தூணைச் சுற்றியுள்ள தளப்பகுதியை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதிக எடை வந்தால் தூண், காகிதத்தில் பென்சில் குத்துவது போல ஸ்லாபைத் துளைத்துவிடும். பெரும்பாலும் முன்னறிவிப்பு மிகக் குறைவு. 1995 ஜூன் 29 அன்று தென்கொரியாவின் சியோலில் சாம்பூங் பல்பொருள் அங்காடி விழுந்து 502 பேர் இறந்தது இந்த வகைக் கட்டடத்தில்தான். தூண்கள் இருக்கவேண்டியதைவிட மெலிந்திருந்தன, திட்டத்தில் இல்லாத ஐந்தாவது தளம் சேர்ந்தது, கூரையில் கனத்த குளிரூட்டும் கருவிகளை இழுத்து நகர்த்தியதில் ஸ்லாப் விரிசல் விட்டிருந்தது. உங்கள் கட்டடத்தில் பீம்கள் தெரிந்தால் இந்தக் கவலையை விட்டுவிடலாம்.

உங்கள் கட்டடம் ஒரே வகையாக இருக்காது என்பது என் ஊகம். முன்பகுதி சட்டகம், பின்பக்க ஒட்டுப்பகுதி சுவர் மேல் தளம், உச்சியில் இரும்புக் கம்பமும் ஷீட்டும். இது சாதாரணமாக நடப்பதுதான், ஆனால் மூன்றும் மூன்று விதமாக அசையும். பழையதும் புதியதும் சேரும் கோட்டில் மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு விரிசல் இருந்தால் பெரும்பாலும் இரண்டு பகுதிகளும் தனித்தனியாக இறங்குகின்றன என்று பொருள். தண்ணீர் புகாமல் அடைத்துப் பராமரித்தால் போதும். மாறாக, பழைய பீமில் துளையிட்டுப் புதிய பீமைச் செருகியிருந்தால் இன்ஜினியர் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஷீட் கூரையின் கம்பங்கள் கீழே உள்ள தூண்களுக்கு நேர் மேலே நிற்கின்றனவா, அல்லது ஸ்லாபின் நட்டநடுவில் போல்ட் போட்டு நிறுத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஸ்லாபின் நடுவில் நின்றால் காற்று தூக்கும்போதெல்லாம் ஸ்லாபைப் பிடித்து உலுக்கும். போல்ட் துளை வழியே தண்ணீரும் இறங்கும்.

வகை தெரிந்தால் தீயைப் பற்றியும் தெரியும். காப்பீட்டு நிறுவனங்கள் முதலில் கட்டுமான வகையைக் கேட்பது இதற்காகத்தான். மூடாத இரும்பு எரியாது, ஆனால் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பாதிப் பலத்துக்கும் கீழே போய்விடும். தீச்சோதனைகளுக்கு உலகெங்கும் பயன்படுத்தும் வெப்ப வரைகோட்டில் பத்தாவது நிமிடத்திலேயே வெப்பம் 670 டிகிரியைத் தாண்டிவிடும். கான்கிரீட்டில் கம்பியை மூடியிருக்கும் மேல்பகுதி அந்த வெப்பத்தைத் தாமதப்படுத்தும். காகிதமும் மையும் கரைப்பானும் வைக்கிற உங்களுக்கு, அந்த ஷீட் கூரைக்குக் கீழே இருப்பு வைக்கும் எண்ணம் எதிர்காலத்திலும் வரக்கூடாது.

இனி நிலை. இதற்கு நான் வைத்திருக்கும் வழி எளிது: தண்ணீரின் பின்னால் போங்கள். மொட்டை மாடியில் தொடங்கிக் கீழே வாருங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போக முடிந்தால் அதுதான் நல்ல நாள். எங்கே தேங்கியிருக்கிறது, வடிகால் வாய் அடைத்திருக்கிறதா, ஒழுகலை நிறுத்த ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை பூச்சு போட்டிருக்கிறார்கள்? ஒவ்வொரு பூச்சும் எடை. பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ. புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டி ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே இறங்கும் என்று யோசித்து அதன் நேர் கீழே உள்ள கூரையைப் பாருங்கள்.

கழிப்பறைக்குக் கீழே நீங்கள் பார்த்த வெள்ளை உப்பு, கான்கிரீட்டுக்குள் தண்ணீர் புகுந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருவதன் அடையாளம். அது மட்டும் என்றால் குழாய் இணைப்பையும் தரையையும் சரிசெய்து நிறுத்திவிடலாம். பழுப்புக் கோடு வேறு செய்தி. அது பெரும்பாலும் கம்பியின் துரு. நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிக அதிகம், பிஎச் 12.5-க்கு மேலே. அந்தக் காரம் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைக்கும். உப்புநீர் புகுந்தால் இன்னும் வேகமாகக் காப்பு போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அதற்கு உள்ளே இடமில்லை, அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்து உடைத்துக்கொண்டு வெளியே வரும். கம்பி ஓடும் நீளத்துக்கே நேர்கோடாக விரிசல் விட்டு, பிறகு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுவது இதனால்தான். ஒரு சின்னச் சுத்தியால் அந்தக் கூரையை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலித்தால் சரி. பொள்ளலாக, மண்பானையைத் தட்டினாற்போல் கேட்டால் அங்கே உள்ளே பிரிந்துவிட்டது. தலைக்கு மேலே தட்டும்போது ஒதுங்கி நின்று, தலைக்கவசம் போட்டுக்கொண்டு தட்டுங்கள்.

பின்பக்கத் தூணின் புதுப் பூச்சைத்தான் நான் மிகக் கூர்ந்து பார்ப்பேன். தூணின் அடிப்பகுதி தரையின் ஈரம், கழுவும் தண்ணீர், வண்டி இடி எல்லாவற்றையும் வாங்கும் இடம். அங்கே மட்டும் பூசியிருக்கிறார்கள் என்றால், அங்கே மட்டும் எதையோ மறைக்க அல்லது சரிசெய்ய வேண்டியிருந்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. துருவைச் சுரண்டி, காப்புப் பூச்சு கொடுத்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, அதற்கென்று உள்ள கலவையால் மூடியிருந்தால் அது பழுதுபார்ப்பு. செலவு ரசீதும் படங்களும் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். வெறும் சிமெண்டுக் காரையை அப்பியிருந்தால் துரு உள்ளே வேலையைத் தொடரும்.

விரிசலுக்கு வருகிறேன். எல்லா விரிசலும் நோய் இல்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு, பூச்சில் மட்டும் வலைபோலப் படர்ந்த மயிரிழைகள், மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே சுவரில் படுக்கையாக ஒரு கோடு ஆகியவை பெரும்பாலும் ஈரம் காய்வதும் வெயிலும் வேறு வேறு பொருள்களை வேறு வேறு அளவில் சுருக்கி விரிப்பதால் வருபவை. பீமின் நடுவில் அடிப்பக்கத்திலிருந்து மேலே ஏறும் மெல்லிய கோடு, அது எடை தாங்கி வளைவதைக் காட்டும். 0.3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்ளக்கூடியது. ஆனால் பீம் தூணோடு சேரும் முனையில் சாய்வாக ஓடும் விரிசலைப் பார்த்தால் அளவுகோலைத் தேடவேண்டாம், அன்றே இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அது வெட்டுவிசை விரிசல், அதாவது பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையால் வருவது, அது முற்றினால் பீம் சட்டென்று உடையும். தூணில் செங்குத்தாகப் பிளவு விட்டு ஓரம் பொரிந்தாலும் அப்படியே.

உங்கள் மாடிப்படி ஜன்னல் விரிசல் சாய்வானது. ஜன்னல் மூலை சுவரின் பலவீனமான இடம், அதனால் எந்த அசைவும் முதலில் அங்கேதான் தெரியும். அது செங்கல் இணைப்புகளைத் தொடர்ந்து படிப்படியாக இறங்குகிறதா, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் மெலிகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மற்றதைவிட அதிகம் இறங்கியிருக்கலாம். துணைச் சாட்சிகளையும் தேடுங்கள். அந்தப் பக்கத்துக் கதவுகள் நிலையில் உரசுகின்றனவா? படிகளை ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரே பக்கம் சாய்கிறதா? வெளிச்சுவரில் தூக்குக்குண்டு விட்டால் என்ன சொல்கிறது? அருகில் பெரிய மரமோ, உடைந்த கழிவுநீர்க் குழாயோ, பக்கத்து மனையில் தோண்டிய பள்ளமோ இருக்கிறதா? விரிசலின் உள்விளிம்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். உள்ளே பழைய பெயிண்டும் தூசியும் படிந்திருந்தால் அது பழையது, நின்றுபோயிருக்கவும் வாய்ப்புண்டு. புதுப் பெயிண்டையே கிழித்துக்கொண்டு, சுத்தமான விளிம்போடு இருந்தால் அது இன்னும் நகர்கிறது. பெயிண்ட் எப்போது அடித்தார்கள் என்ற தேதியைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு தேதி உங்களுக்கு ஒரு அளவுகருவி.

அகலத்தை அளந்து, இரண்டு பக்கமும் பென்சில் குறி போட்டு, தேதி எழுதிப் படம் எடுத்துவையுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையும் ஒட்டி வைப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. நகர்ந்தால் கண்ணாடி உடையும். முழுப் பதில் கிடைக்க ஈரக்காலமும் காய்ந்த காலமும் கடக்க வேண்டும். உங்களுக்கு அத்தனை காலம் கிடைக்காது என்பது தெரியும். அதனால்தான் துணைச் சாட்சிகளை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

சுத்தியல் சோதனை அறிக்கையைப் பற்றி. நீங்கள் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தி அல்ல அது, ஒரு கருவி. கான்கிரீட்டின் தோலில் மோதி எவ்வளவு எகிறித் திரும்புகிறது என்று அளக்கிறது, அவ்வளவுதான். காரம் குறைந்து பழையதான மேல்தோல் இறுகிவிடும், அதனால் எண் உயர்ந்தே காட்டும். அதாவது கம்பிக்கு ஆபத்து வந்த இடத்திலேயே அறிக்கை "நன்று" என்று சொல்லக்கூடும். உள்ளே ஓட்டை இருக்கிறதா, கம்பி எத்தனை, துரு எவ்வளவு, ஒன்றுமே அதற்குத் தெரியாது. பூச்சின் மேலேயே தட்டி அளந்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. அளந்த இடங்களின் படமும் வரைபடமும் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு வேண்டியது சோதனைகளின் சேர்க்கை. காதுக்குக் கேட்காத மீயொலியைக் கான்கிரீட் வழியே அனுப்பி வேகத்தை அளப்பார்கள். வினாடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் போனால் பொதுவாக நல்லது, 3-க்குக் கீழே போனால் உள்ளே வெற்றிடமோ விரிசலோ இருக்கலாம். கம்பி எங்கே, எந்த ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி உண்டு. உங்களுக்கு வரைபடம் கிடைக்காவிட்டால் அதுதான் கண். உடைத்த புதுமுகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத பகுதி கம்பிவரை போய்விட்டதா என்பதே கேள்வி. மிகச் சில நிமிட வேலை, ஆனால் அந்தத் தூணைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லும். இறுதியாகச் சில இடங்களில் உருளை வடிவில் கான்கிரீட்டைத் துளைத்தெடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எங்கே துளைப்பது என்று முடிவெடுப்பது இன்ஜினியராக இருக்க வேண்டும். விற்பவரின் வசதிக்கு ஏற்ற இடத்தில் எடுத்த மாதிரி உங்களுக்கு உதவாது.

"30 வருடமாக ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது கேட்க நியாயமாகவே இருக்கிறது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் இருந்த ஹோட்டல் நியூ வேர்ல்ட் கட்டடம் 1971-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1986 மார்ச் 15 அன்று ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமாகி 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. அந்தப் பிழையோடு 15 வருடம் நின்றது. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் வீடல்லாத கட்டடங்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இன்ஜினியர் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. நின்ற வருடங்கள், அதுவரை அதன் மேல் இருந்த எடையைத் தாங்கியது என்பதை மட்டும் சொல்கின்றன. உங்கள் காகிதம் இன்னும் அதன் மேல் ஏறவில்லை.

மின்சாரம், லிஃப்ட், தீயணைப்பு ஆகியவற்றை அந்தந்தத் துறையினர் தனியாகப் பார்க்கட்டும். நீங்கள் ஒன்றை மட்டும் நடந்து பாருங்கள்: மேல்மாடியின் கடைசி மூலையிலிருந்து வெளியே வர எத்தனை வழி, அவற்றில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன அல்லது சாமான் அடைத்துக் கிடக்கின்றன. ஒரே வழிதான் என்றால் அதை மாற்ற ஆகும் செலவையும் விலைப்பேச்சில் சேர்க்க வேண்டும். பழைய ஷீட் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதை நீங்களாக உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு.

வடிவமைப்பு வரைபடம், அனுமதி பெற்ற பிளான், பழுதுபார்த்த ரசீதுகள், முன்பு வாங்கிய காப்பீட்டு இழப்பீடு ஏதும் உண்டா என்ற விவரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். அனுமதித்த மாடிகளின் எண்ணிக்கையையும் நிற்கும் மாடிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு, விற்பவருக்கும் தரகருக்கும் தொடர்பில்லாத ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரை உங்கள் செலவில் அமர்த்துங்கள். அவரிடம் "கட்டடம் நல்லதா?" என்று கேட்டால் "நல்லது" என்று ஒரு சொல்லில் பதில் வரும், அதை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. "ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு அறையிலும் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ வைக்கலாம், இந்த இயந்திரத்தை இந்த இடத்தில் வைத்து ஓட்டலாமா" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்கள். உங்கள் இயந்திரங்களின் எடை, கால்களின் இடைவெளி, ஓடும் வேகம் எல்லாவற்றையும் அவருக்குக் கொடுங்கள். பெரிய தாள் ஓடும் நான்கு வண்ண ஆப்செட் இயந்திரம் பத்து டன்னைத் தாண்டும். அதன் அதிர்வு வேறு. அதற்குத் தரைத்தளத்திலேயே மண் வரை இறங்கும் தனி அஸ்திவாரம் போட்டு, சுற்றியுள்ள தரையிலிருந்து பிரித்து வைப்பது நல்லது. பின்பக்க ஒட்டுப்பகுதியில் வைக்க நினைத்திருந்தால் அந்தச் சுவர்களின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள். காகித இருப்பும் தரைத்தளத்துக்கே இறங்கட்டும். முதல் மாடியில் வடிவமைப்பு, கணக்கு, பைண்டிங்கின் லேசான வேலைகள் இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் இந்தக் கட்டடம் உங்கள் தொழிலுக்குச் சின்னது, வேறு பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்தப் பின்பக்கத் தூணில், புதுப் பூச்சை மட்டும் ஒரு கையகலத்துக்குத் தட்டி எடுத்துப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். பார்த்தபின் திரும்பப் பூசிக்கொடுப்பது உங்கள் செலவு என்று சொல்லுங்கள். இன்ஜினியர் பக்கத்தில் இருக்கும்போது திறக்கட்டும், கம்பியின் பருமனை அப்போதே அளக்கட்டும். அனுமதி மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.